தான் மாட்டாததைச் சொல்லாத ஓடெல்

ஓடெல் ப்ரூவிட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். மோசமானவன் மோசமாக நடந்தால் காறித் துப்பிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவன் விஷயத்தில் என்னால் அப்படி முடியவில்லை.

மேற்கு ஓக்லஹோமாவில் எங்கள் பக்கம் ரைஃபிள், ஷாட்கன், பிஸ்டல் மூன்றையும் ஓடி ஓடிச் சுடும் மூன்று துப்பாக்கிப் போட்டிக்கு வருகிறவர்களில், ஓடெலின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒருமுறையாவது நிற்காதவர் கிடையாது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் சங்கத்து மைதானத்தில் போட்டி நடக்கும். மற்றவர்கள் வந்து சேருவதற்குள் அவன் வண்டியின் பின்கதவை இறக்கிப் போட்டிருப்பான். அது கடை இல்லை. விற்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு பழைய பெல்ட், இரண்டு மூன்று தோட்டாச் செருகிகள், தகர டப்பா நிறைய திருகாணிகள், ஃப்ளாஸ்க்கில் காபி, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நேராக அங்கேதான் போவார்கள். யாராவது கைகாட்டி அனுப்பியிருப்பார்கள்.

"சார், ஆரம்பிக்கறதுக்கு என்னென்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்காதே. வீட்ல வாத்து சுடுற ஷாட்கன் இருக்கா? இருக்கு. அப்பாவோட ரைஃபிள் இருக்கா? இருக்கு. ஏதோ ஒரு பிஸ்டல் இருக்கும். போதும். மொத போட்டில நீ கடைசியாதான் வரப்போற. கடைசியா வர்றதுக்கு எதுக்குப்பா புதுத் துப்பாக்கி? பழசுலயே வரலாமே!"

கேட்டவன் முகம் சுருங்கும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு ஓடெல் அவன் காலைப் பார்ப்பான்.

"கைல காசு அரிக்குதுன்னா காலுக்குச் செலவு பண்ணு. இந்தச் செம்மண்ணு மழை பெஞ்சா வெண்ணெய். அடில முள்ளு வெச்ச ஷூ வாங்கு. வழுக்கி விழுந்தா கைல இருக்கறது துடைப்பக்கட்டை இல்ல, தோட்டா போட்ட துப்பாக்கி."

அவன் சொன்னதில் நான் மறக்காதது ஒற்றைக்குண்டுத் தோட்டா விஷயம். ஷாட்கன்னில் இரண்டு வகை போடுகிறோம். பக்கத்தில் நிற்கும் இரும்புத் தட்டுகளுக்கு ரவைத் தோட்டா, தூரத்து இலக்குக்கு ஒற்றைக்குண்டு. அவசரத்தில் மாற்றிப் போட்டுப் பக்கத்து இரும்பில் ஒற்றைக்குண்டை அடித்தால் இரும்பு பிளக்கும், துண்டு திரும்பி வரும், நடுவர் நம்மை அந்த இடத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார். இந்தத் தப்பைச் செய்யாத ஆட்கள் எங்களில் குறைவு. "ஒத்தைக்குண்ட முதுகுப் பக்கம் வை. தலைகீழா வை. அவசரத்துல கை யோசிக்காது, தடவும். தடவுற எடத்துல தப்பான சாமானம் இருக்கக் கூடாது" என்பான் ஓடெல். இன்றைக்கும் எங்கள் சங்கத்தில் எல்லாருடைய பெல்ட்டிலும் ஒற்றைக்குண்டு முதுகுப் பக்கம் தலைகீழாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று நகப்பூச்சு. குறிபார்க்கும் கண்ணாடியோ பிஸ்டல் உறையோ எதைத் திருகி மாட்டினாலும், திருகாணித் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போடுவான். திருகு தளர்ந்தால் கோடு உடையும், பார்த்தவுடன் தெரியும். அவன் மனைவி லவோன் வைத்திருந்த ரோஸ் நிறம் அது. தாடி வைத்த, புகையிலை மெல்லுகிற முரட்டு ஆட்களின் துப்பாக்கிகளில் எல்லாம் ரோஸ் கோடு. வெளியூர்ப் போட்டிகளில் அதை வைத்தே எங்கள் ஊர்க்காரர்களை அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

இத்தனைக்கும் ஓடெல் எந்தப் போட்டியிலும் முதல் மூன்றில் வந்தவன் இல்லை. தானியக் கிடங்கில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. எப்போதும் பட்டியலின் நடுவில் எங்கேயோ இருப்பான். ஆனால் ஜெயித்தவர்களே அவனிடம் வந்து கேட்டார்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு பேச்சு. யார் எதைப் பற்றிக் கேட்டாலும் கடைசியில் அதைச் சொல்வான்.

"நான் மாட்டாதத உனக்குச் சொல்ல மாட்டேன்."

அதை நாங்கள் எல்லாரும் நம்பினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

என் பெயர் ட்வைலா ஹார்கிஸ். வீடுகளுக்குப் புரொப்பேன் கேஸ் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறேன். ஓடெல் வீட்டுத் தொட்டியில் வாயு நிரப்பப் போன இடத்தில்தான் இந்தப் போட்டிப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவன் மேய்ச்சல் நிலத்தில் ஓடி ஓடிச் சுட்டுக்கொண்டிருந்தான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். "என்ன பாக்கற? உன்னால முடியாதுன்னு நெனக்கிறியா, என்னால முடியாதுன்னு நெனக்கிறியா?" என்றான். "ரெண்டும்" என்றேன். அடுத்த சனிக்கிழமை அவன் பெல்ட்டை என் இடுப்பில் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றேன், கடைசியாக வந்தேன். அதற்குப் பிறகு இருபது வருஷம் நாங்கள் ஒரே குழு.

இந்த இருபது வருஷத்தில் நான் ஒரு பெரிய போட்டியைக்கூட முழுதாக முடித்ததில்லை. சங்கத்துப் போட்டி ஒரு காலைநேரத்துச் சமாசாரம். பெரிய போட்டி இரண்டு நாள். பல மாநிலத்து ஆட்கள் வருவார்கள், வரிசையாக அமைத்த எல்லாச் சுடுகளங்களையும் முடித்தவர்களின் பெயர்தான் பலகையில் ஏறும். முதல் தடவை இரண்டாம் நாள் சூறாவளி எச்சரிக்கை வந்து எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். அடுத்த தடவை பாதியில் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்தது. இன்னொரு தடவை ரைஃபிள் உடைந்தது. ஓடெல் யோசிக்காமல் தன்னுடையதைக் கொடுத்தான். அது எங்கள் வழக்கம், குழுவில் ஒருவர் துப்பாக்கி உடைந்தால் மற்றவர் தன்னுடையதைக் கொடுத்துவிடுவார். அடுத்த களத்தில் அதுவும் மண்ணில் சிக்கிக்கொண்டது. இருவரும் சேர்ந்து வெளியே வந்தோம். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அப்புறம் என் முழங்கால் போய்விட்டது. லாரியின் உயரமான படியில் ஏறி இறங்கி இரண்டும் தேய்ந்தன. இலையுதிர் காலத்தில் வலது முழங்காலைத் திறந்து மாற்று மூட்டு வைக்கப்போவதாக டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு நடக்கலாம், ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. அதனால் அந்த வருஷத்துச் செப்டம்பர் போட்டிதான் எனக்குக் கடைசி. ஜெயிக்க ஆசைப்படவில்லை. அந்தப் பலகையில் ஒருமுறை என் பெயர் முழு மதிப்பெண்ணோடு நிற்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டேன். அது ஓடெலுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அந்தச் சட்டை வந்தது. வேறு மாநிலத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி. பிஸ்டல் உறை செய்கிறார்கள். சொருகினால் உள்ளே ஒரு நாக்கு க்ளிக் என்று விழுந்து பிஸ்டலைப் பிடித்துக்கொள்ளும், கட்டைவிரலால் தட்டினால் விடும். இந்தப் பக்கத்தில் யார் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஓடெலுக்கு ஒரு நீலச் சட்டை அனுப்பியது. முன்னால் கம்பெனிச் சின்னம். முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் ப்ரூவிட்.

அந்தச் சட்டையை அவன் கழற்றவே இல்லை. சர்ச்சில் வாராவாரம் நடக்கிற இரவு விருந்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் குழுவில் டப் யோஸ்ட் என்று ஒருவன் உண்டு, வாய் சும்மா இருக்காது.

"ஓடெல், முதுகுல பேரு போட்டிருக்காங்களே, காணாமப் போனா கொண்டு வந்து விடறதுக்கா?"

ஓடெல் சிரித்தான். ஆனால் திரும்பி நின்று டப்புக்கு முதுகைக் காட்டிவிட்டுத்தான் சிரித்தான். நன்றாகப் படித்துக்கொள் என்பது போல. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு ஒரு சட்டையாவது கிடைத்ததே என்று நினைத்தேன்.

ஜூனில் அவனே என்னிடம் வந்தான்.

"உன் பழைய உறை சரியில்ல ட்வைலா. எடுக்கறதுக்குள்ள விடிஞ்சிடுது. பெரிய போட்டிக்கு இதப் போட்டுக்கோ."

"எதுக்கு? பழசு எனக்குப் பழகிடுச்சு. உன் ரூல்படி பெரிய போட்டிக்கு முன்னாடி எதையும் மாத்தக் கூடாது."

"இன்னும் மூணு மாசம் இருக்கில்ல. பழகிக்கலாம். ஒரு கிளப்புல ரெண்டு பேரு ஒரே மாதிரி மாட்டினா ஒருத்தருக்கு ஒருத்தர் உதவியா இருக்கும்."

"நீ மாட்டறியா?"

நான் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். அவன் என் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"நான் மாட்டாதத உனக்குச் சொல்லுவேனா?"

அவன் கையாலேயே என் பெல்ட்டில் மாட்டினான். சாய்வு பார்த்தான், உயரம் பார்த்தான், திருகினான், ரோஸ் நகப்பூச்சால் கோடு போட்டான். ஊதிக் காயவைத்தான்.

போட்டி மாநில எல்லைக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பண்ணையின் பள்ளத்தாக்கில் நடந்தது. காற்று அடிக்கிற அடியில் தொப்பிகள் பறந்தன. முதல் நாள் எனக்கு நன்றாகவே போனது. சர்ச்சுப் பெண்கள் விற்ற, ரொட்டியில் முட்டையைச் சுருட்டிய பரிட்டோவைத் தின்றுவிட்டு, முழங்காலில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு களமாக முடித்தேன். வேகமில்லை, ஆனால் தப்புமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் அப்படித்தான். இன்னும் மூன்றே களம் பாக்கி. டப் ஓடிவந்து, "ஏய் கெழவி, அம்பது வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்கள்ல நீ ரெண்டாவது இடம்!" என்றான். "மொத்தமே நாலு பேருதானே" என்றேன். ஆனாலும் முழங்கால் பட்டையை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

அடுத்த களம் ஒரு வறண்ட ஓடைக்கு இரு கரையிலும் அமைந்திருந்தது. மேட்டில் நின்று ரைஃபிளால் தூரத்து இலக்குகள். பிறகு ரைஃபிளின் சேஃப்டிப் பூட்டைப் போட்டு அங்கிருக்கும் பீப்பாய்க்குள் வைத்துவிட்டு, மேஜையிலிருந்து ஷாட்கன்னை எடுத்துக்கொண்டு, சரிவில் இறங்கி, ஓடையில் கிடந்த மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். இடுப்புப் பிஸ்டல் கடைசியில்தான். அதுவரை அது தோட்டா ஏற்றி உறைக்குள் இருக்கும்.

டைமர் கத்தியது. ரைஃபிள் இலக்குகளை அடித்தேன். பீப்பாய்க்குள் வைத்தேன். ஷாட்கன்னை எடுத்தேன். சரிவில் இறங்கும்போது முழங்கால் கத்தியது, நான் கேட்கவில்லை. மரத்தைத் தாண்டிக் குதித்தேன்.

இடுப்பு திடீரென்று லேசானது. பின்னாலிருந்து கல்லில் இரும்பு மோதும் சத்தம் வந்தது.

"நிறுத்து! அசையாதே!"

நடுவரின் குரல். நான் அப்படியே நின்றேன். திரும்பிப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் ஓரக்கண்ணில் தெரிந்தது. என் பிஸ்டல் ஓடைக் கல்லின் மேல் கிடந்தது. அதன் குழல் வாய், மதிப்பெண் குறிக்கும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் ஓடிவந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு என் மகள் வயது இருக்கும். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

நடுவர் பிஸ்டலை எடுத்து, தோட்டாவை இறக்கி, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க மேடம். உங்க போட்டி முடிஞ்சிடுச்சு." நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார்.

முதலில் என்னிடம் வந்தவன் ஓடெல். தோளில் கை வைத்தான்.

"க்ளிக் சத்தம் கேட்டுச்சா ட்வைலா?"

"எப்போ?"

"பிஸ்டல சொருகுறப்போ. க்ளிக் கேக்கணும்ல. பதட்டத்துல பாதிதான் சொருகியிருப்ப. கேக்காம விட்டிருப்ப."

குழு முழுவதும் சுற்றி நின்றது. நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதாகத்தான் ஞாபகம். ஆனால் ஓடெல் கேட்கவில்லை என்கிறானே. "இருக்கும். என் தப்புதான்" என்றேன். அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள், ஆனால் கையை நீட்டவில்லை.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியேற்றப்பட்டவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. துப்பாக்கிகளை வண்டியில் பூட்டிவிட்டு, மிச்சமுள்ள களங்களில் குழுவோடு நின்று, இலக்கு அட்டைகளில் விழுந்த ஓட்டைகளுக்கு ஒட்டுத்துண்டு ஒட்டி, விழுந்த இரும்புகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். சாயங்காலம் குழுவுக்கெல்லாம் அவர்தான் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். இரண்டையும் செய்தேன். காலை இழுத்துக்கொண்டு இரும்பை நிமிர்த்தினேன். நெடுஞ்சாலையோரக் கடையின் ஜன்னலில் நின்று ஒவ்வொருவருக்கும் கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஓடெல் பெக்கான் கொட்டை போட்ட வெண்ணெய் ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி கேட்டான். என் எதிரில் உட்கார்ந்து கோனின் முனை வரைக்கும் தின்றான். விரலை நக்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் விடு" என்றான். எனக்கு அடுத்த வருஷம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் க்ளிக் என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்டலை வெறுமையாக்கி, இரண்டு தடவை சரிபார்த்து, உறையில் சொருகினேன். க்ளிக் கேட்டது. நன்றாகக் கேட்டது. என் லாரியின் படியிலிருந்து கீழே குதித்தேன். பிஸ்டல் புல்லில் விழுந்தது. மறுபடி சொருகினேன், க்ளிக் கேட்டது, குதித்தேன், விழுந்தது. கால் வீங்கும் வரைக்கும் குதித்தேன்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஐயோ, ஓடெலும் இதைத்தானே மாட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்குத் தெரியாதே, ஓடும்போது விழுந்து காலில் சுட்டுக்கொண்டால் என்ன ஆவது என்று பதறினேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. அப்படியே லாரியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓட்டினேன். அவனைக் காப்பாற்றப் போனேன்!

ஓடெல் டீசல் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். லவோன் கொட்டகையில் கோழித்தீவனம் அள்ளிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணியில் அவன் பெல்ட் தொங்கியது. வெளிப்பக்கம் கம்பெனியின் பளபளப்பான சின்னத்தகடு. உள்ளே அந்த நாக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க எடுத்துத் திருப்பினேன்.

தகடு மட்டும்தான் புதுசு. உறை பழசு. விளிம்பெல்லாம் தேய்ந்து வெளுத்த, அவன் பதினைந்து வருஷமாக மாட்டுகிற அதே உறை. திருகாணிகளில் காய்ந்து வெடித்த பழைய ரோஸ் கோடு அப்படியே இருந்தது. புது உறையிலிருந்து தகட்டைப் பெயர்த்துப் பழையதின் மேல் ஒட்டியிருந்தான். கீழே பெஞ்சுக்கடியில், பெயர்த்த அந்தப் புது உறை எலிப்பொறிகளோடு கிடந்தது.

லவோன் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"அதுவா? அது ஒத்துவரல ட்வைலா. பிப்ரவரிலயே நெலத்துல ஓடறப்போ கழண்டு கழண்டு விழுந்துச்சு. ஒருதடவ நாய்க்குட்டி பக்கத்துலயே விழுந்துச்சு, நான் கத்தின கத்தல்ல கோழியெல்லாம் பறந்துச்சு. ஏன், உங்கிட்ட சொல்லலியா? எதா இருந்தாலும் மொதல்ல உங்கிட்டதானே சொல்லுவாரு!"

பிப்ரவரி. எனக்கு மாட்டிவிட்டது ஜூன்.

நான் ஒரு தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். லவோனுக்கு ஏதோ புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ஓடெலின் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்தவன் என் மடியிலிருந்த பெல்ட்டைப் பார்த்தான்.

"கம்பெனிகிட்ட சொல்லிட்டேன் ட்வைலா. உள்ள இருக்கற ஸ்பிரிங்க மாத்தறோம்னாங்க. அதுவரைக்கும் வெளில பேச வேணாம்னாங்க."

"எனக்கு எதுக்கு மாட்டின?"

"எல்லாமே விழறதில்ல. பல பேருக்கு நல்லாத்தான் இருக்கு. உன்னது விழாதுன்னு நெனச்சேன்."

"அப்போ நீ ஏன் மாட்டல?"

அவன் பெல்ட்டை வாங்கக் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு செத்திருப்பா ஓடெல்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் க்ளிக் கேக்கலன்னு என் தலைல போட்டியா? எல்லார் முன்னாடியும்? நான் போய் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ பக்கத்துல நின்ன!"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "இருபது வருஷமா அந்த வண்டிக் கதவுகிட்ட நின்னு கத்தறேன். யாரு என் பேர எங்க போட்டாங்க சொல்லு? இவங்க போட்டாங்க. முதுகுல போட்டாங்க. அது போயிடுமேன்னு..." என்று நிறுத்தினான்.

அதைக் கேட்டபோது அவன் மேல் இரக்கம் வந்தது. வந்ததற்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவன், அறுத்ததற்குக் காரணமாக ஒரு சட்டையைக் காட்டுகிறான். காசுக்காகச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் கடைசி ஓட்டத்தின் விலை அவன் முதுகில் உள்ள அந்த வெள்ளை எழுத்துகள்தானா?

"வர்ற சனிக்கிழமை கதவுகிட்ட நின்னு நீயே சொல்லிடு. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன். அவன் தலையாட்டினான். லவோன் அவனைப் பார்க்கவே இல்லை, தீவனத்தை அள்ளிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை வந்தது. பின்கதவு இறங்கியிருந்தது. ஓடெல் அந்த நீலச் சட்டையில்தான் இருந்தான். வழக்கமான ஆட்கள் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். கேசி, ப்ரின்னா என்று புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருந்தது. ப்ரின்னா போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"சார், ஷூ வாங்கிட்டோம், நீங்க சொல்லுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. உறைக்கு இத வாங்கலாமா? உங்க சட்டைல இருக்கற கம்பெனிதான்."

ஓடெல் நிமிர்ந்தான். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே என்னைப் பார்த்தான். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன். அவன் சொல்வான் என்று கடைசி நொடி வரைக்கும் நம்பினேன். இதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது, அன்றைக்கும் நம்பினேன்.

அவன் பார்வையை இறக்கிக்கொண்டான்.

"நல்ல உறைதான்மா" என்றான். "வாங்கலாம்."

"நீங்களும் இதானே போட்டிருக்கீங்க சார்?"

"நான் மாட்டாதத..." என்று தொடங்கினான். பழக்கதோஷம்.

"ஓடெல்" என்றேன். "சட்டையத் தூக்கு."

டப் சிரிக்க வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ட்வைலா, வேணாம்."

"தூக்கு. தூக்கிக் கிட்ட வந்து காட்டு. அந்தப் பொண்ணு பாக்கட்டும்."

அவன் மறுத்திருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சட்டையைத் தூக்கினான். டப் குனிந்து பார்த்தான். தகட்டை ஒரு விரலால் நெம்பினான், கையோடு வந்துவிட்டது. கீழே பழைய உறையும் வெடித்த ரோஸ் கோடும் இருந்தன. எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் யாரும் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. செப்டம்பரில் என்னைச் சுற்றி நின்றவர்கள்தான் அங்கேயும் நின்றார்கள். ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ இது வேறயா சார்?" என்றாள் ப்ரின்னா.

"வேறதான்மா" என்றான் ஓடெல். "அத வாங்காதே. ட்வைலாவோடது அவ தப்பால விழல. எனக்கு மொதல்லயே தெரியும்."

குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. பின்கதவை ஏற்றிச் சாத்தினான். போய்விடுவான் என்று நினைத்தோம். போகவில்லை. மூன்று துப்பாக்கிகளையும் பையில் போட்டு வண்டிக்குள் வைத்துப் பூட்டினான். பெயரைக் கொடுக்கவில்லை, ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. நாள் முழுவதும் ஒவ்வொரு களத்திலும் ஒட்டுத்துண்டு ஒட்டினான், இரும்பை நிமிர்த்தினான். யாரும் அவனோடு பேசவில்லை. அவனை யாரும் வெளியேற்றவில்லை. தன்னைத் தானே வெளியேற்றிக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையின் மரமேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஜன்னலில் நின்று எல்லாருக்கும் வாங்கினான். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, இருபது வருஷத்தில் எல்லாம் தெரியும். டப்புக்கு சாக்லேட். புது ஜோடிக்கு மட்டும் கேட்டு வாங்கினான். தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியாக என் முன்னால் எலுமிச்சை ஐஸை வைத்தான். அது எனக்குப் பிடிக்கும் என்பதையும் சரியாக ஞாபகம் வைத்திருந்தான்.

நான் கோப்பையைத் தொடவில்லை. திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். மேஜைக்கடியில் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, சாலையில் போகும் கோதுமை லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தின்று முடித்து, சாவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஓடெல் மட்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தான்.

"உருகுது ட்வைலா" என்றான்.

"அன்னிக்கு நான் வாங்கிக் குடுத்தத நீ தின்ன ஓடெல். முழுசா தின்ன" என்றேன். "இத நீயே எடுத்துட்டுப் போ."

கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவன் கை கொடுக்க முன்னால் வந்தான். நான், வண்டி ஏறப் போன டப்பைக் கூப்பிட்டேன்.